நாலு சிலிண்டரும் ஒரு கையெழுத்தும்

டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்
20 ஜூலை 2006

காம்பெல் பே மெக்கானிக் சிவஞானம் அவர்களுக்கு, அவருடைய மனைவி ஒச்சம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதலாம் என்றால் எல்லோரும் என்று சொல்ல ஆள் இல்லை. நான் இருக்கிறேன், மாவு அரைக்கிற கிரைண்டர் இருக்கிறது, கொட்டகையில் உங்கள் பழைய ஃபியட் கார் இருக்கிறது. மூவரும் நலம். கிரைண்டர் மட்டும் கொஞ்சம் கத்துகிறது.

போனில் சொல்லலாம் என்று பார்த்தேன். மழை தொடங்கியதிலிருந்து உங்கள் காம்பெல் பே லைனே கிடைப்பதில்லை. கிடைத்தாலும் நான் பேசுவதே எனக்குத் திரும்பக் கேட்கும். நீங்கள் "ம்" என்று சொல்லி முடிப்பதற்குள் பூத்தில் பின்னால் நிற்பவர் இருமுவார். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் இதுதான். மரைன் ஹில்லில் புதிதாக ஒரு ஹோட்டல் திறந்திருக்கிறார்கள். அதன் மேனேஜர் நந்தகுமார், யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு நம் கொட்டகைக்கே வந்துவிட்டார். தார்ப்பாயை விலக்கிவிட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், சாமி கும்பிட வந்தவர் மாதிரி. "இந்த வண்டியில டூரிஸ்ட்டுகளை ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போனா, அவங்க ஜெயிலை விட்டுட்டு வண்டியைத்தான் போட்டோ எடுப்பாங்க" என்றார். வண்டியும் டிரைவருமாகச் சேர்த்து மாத வாடகைக்கு எடுத்துக்கொள்கிறாராம். அக்டோபரில் சீசன் தொடங்கும்போது வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. எஞ்சின் நன்றாக இருக்க வேண்டும். பாதி ஏற்றத்தில் வண்டி நின்று டூரிஸ்ட் இறங்கித் தள்ளக் கூடாது.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். சுனாமிக்குப் பிறகு வந்த ஏப்ரலில் நீங்கள் அந்தத் தென்கோடித் தீவுக்குக் கிளம்பினீர்கள். "ஒரே வருஷம் ஒச்சம்மா, ஷெல்டர் கட்டுற வேலை முடிஞ்சதும் வந்துருவேன்" என்றீர்கள். வருஷம் முடிந்தது, அங்கேயே நீட்டித்துக்கொண்டீர்கள். இப்போது செப்டம்பர் பதினைந்தாம் தேதி கான்ட்ராக்டரிடம் இன்னொரு கையெழுத்து, இந்தத் தடவை இரண்டு வருஷத்துக்கு என்று போன கடிதத்தின் கடைசி வரியில், மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியில் எழுதினால் படிக்காமல் விட்டுவிடுவேன் என்று நினைப்பா?

வண்டி ஓடினால் நீங்கள் வீட்டுக்கு வரலாம். நம் வண்டியை நீங்களே ஓட்டலாம். ஆகவே எஞ்சின் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று சொல்லுங்கள். அங்கே உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வது என்று கேட்காதீர்கள். நீங்கள் மெக்கானிக், நான் மாவுக்காரி. வழி சொல்ல வேண்டியது நீங்கள்.

கோபம் குறையாத
ஒச்சம்மா

*

காம்பெல் பே
29 ஜூலை 2006

அன்புள்ள ஒச்சம்மாவுக்கு,

உன் கடிதம் வெங்காய மூட்டைகளோடு ஒரே கப்பலில் வந்து சேர்ந்தது. உறையில் வெங்காய வாசம் அடித்தது. உள்ளே இருந்த காரம் உன்னுடையது.

கடைசி வரியில் எழுதியது தப்புதான். முதல் வரியில் எழுதத் தைரியம் வரவில்லை.

நீ சொன்ன ஹோட்டல் விஷயம் நல்ல விஷயம். இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் எதையும் உனக்கு மறைக்கப் போவதில்லை. எஞ்சின் தேறும் என்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன், அக்டோபருக்குள் வந்துவிடுவேன். தேறாது என்றால் பிளாக்கைப் பிரித்துச் சிலிண்டரைக் கடைந்து போர் அடிக்க வேண்டும், பிஸ்டனும் ரிங்கும் சென்னையிலிருந்து வர வேண்டும். இரண்டு வருஷம் இங்கே இருந்து சம்பாதித்தால்தான் அது முடியும். இதில் என் மனசு என்ன சொல்கிறது என்பதற்கு இடமே இல்லை. எஞ்சின் என்ன சொல்கிறதோ அதுதான்.

அதைச் சொல்லவைக்க ஒரு வழி இருக்கிறது. என் பச்சைப் பெட்டியின் அடித்தட்டில் டாக்டர் பிரஷர் பார்க்கிற மாதிரி வட்ட முகமும் குழாயுமாக ஒரு கேஜ் இருக்கும். கம்ப்ரெஷன் கேஜ் என்பார்கள். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு இறுக்கமாக அமுக்குகிறது என்று அது காட்டும். முதலில் காயில் ஒயரைக் கழற்றிவிடு. பிறகு நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வை, இடம் மாற்றிவிடாதே. ஒரு பிளக் ஓட்டையில் கேஜை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள். உள்ளே ஒருவர் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று உள்ளே போகாது. எஞ்சினைச் சுற்றவிடு. முள் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிற்கும். அந்த எண்ணை எழுதிக்கொள். பிறகு அடுத்த சிலிண்டர்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது பார்ப்பதுதான் முறை. ஒரு வருஷத்துக்கு மேல் ஓடாத வண்டியை எங்கே சூடாக்குவது. அப்படியே பார்.

இந்த வண்டிக்கு நூற்றிருபது பவுண்டு பக்கத்தில் வந்தால் நல்ல ஆரோக்கியம். நூறுக்குக் கீழே போனால் யோசிக்க வேண்டும். நாலுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது.

உன்னால் முடியும். நான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு டார்ச் பிடி என்றால், ஏன் எதற்கு என்று கேட்டுக்கொண்டே பிடித்தவள் நீ. அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது உபயோகப்படுகிறது.

சிவஞானம்

*

டெய்ரி ஃபார்ம்
7 ஆகஸ்ட் 2006

என்னங்க,

எரிச்சலாக இருந்ததாமே. வாருங்கள், அதைத் தனியாகப் பேசிக்கொள்வோம்.

வேலையை முடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாவுக்கு ஆள் வராத நேரமாகப் பார்த்துக் கொட்டகையைத் திறந்தோம். உள்ளே ருக்கு உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தாள். எதிர்வீட்டு ருக்குதான், அங்கன்வாடி வேலைக்குப் போவாளே. பெரிய ஆபீசர் மாதிரி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள், வண்டி நகரவே போவதில்லை என்று சொல்லியும் விடவில்லை. மீன் விற்கிற பெரியதம்பி அண்ணன் முன்னால் நின்றார். நான் கேஜோடு எஞ்சின் மேல் கவிழ்ந்துகொண்டேன்.

மூன்றாவது பிளக் வர மாட்டேன் என்று அடம் பிடித்தது. நீங்கள் திட்டுகிற வார்த்தையைச் சொல்லித் திட்டினேன், வந்துவிட்டது. இனிமேல் அந்த வார்த்தையைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

பெரியதம்பி அண்ணனுக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. "பஸ் கரோ தங்கச்சி, போதும், மீன் பாடி வண்டியைத் தள்ளறதே தேவலை" என்றார். ஆளுக்கு நாலு இட்லி கொடுத்து அனுப்பினேன்.

எண்கள் இதோ. முதல் சிலிண்டர் அறுபத்திரண்டு. இரண்டாவது அறுபது. மூன்றாவதும் அறுபது. நாலாவது அறுபத்துமூன்று. நம்பிக்கை இல்லாமல் இரண்டு தடவை பார்த்தேன். அதேதான்.

நீங்கள் நூற்றிருபது என்று எழுதியிருந்தீர்கள். பாதிதான் வந்திருக்கிறது. ஆனால் நாலுக்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது என்றும் எழுதியிருந்தீர்கள், இல்லை. நாலும் ஒற்றுமையாக இருக்கின்றன. அது நல்லதுதானே? நல்லது என்று எழுதுங்கள்.

ஒச்சம்மா

*

காம்பெல் பே
15 ஆகஸ்ட் 2006

அன்புள்ள ஒச்சம்மாவுக்கு,

காலையில் கொடி ஏற்றி லட்டு கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டே உன் கடிதத்தைப் பிரித்தேன். பிறகு சாப்பிடப் பிடிக்கவில்லை.

நல்லது என்று எழுதச் சொன்னாய். எழுத முடியவில்லை.

ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்திருந்தால் அதன் வால்வு சரியாக உட்காரவில்லை என்று சொல்லியிருப்பேன். பக்கத்துப் பக்கத்து இரண்டு மட்டும் குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருப்பேன், அது ஒரு நாள் வேலை. நாலும் ஒன்றாகப் பாதிக்கு இறங்கியிருக்கிறது. ரிங்குகள் தேய்ந்து, சிலிண்டரும் தேய்ந்து, அமுக்குகிற காற்று ஓரமாக நழுவிப் போகிறது என்று அர்த்தம். அறுபத்திரண்டாம் வருஷத்து வண்டி. நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊர் ஏற்றத்தில் ஏறியிருக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் உறுதியாகத் தெரிந்துகொள்ள இன்னொரு சோதனை உண்டு. பிளக் ஓட்டை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, மறுபடி முன்போலவே பார். ஆயில் ரிங்கைச் சுற்றி உட்கார்ந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். எண் நன்றாக ஏறினால் கோளாறு ரிங்கில்தான். ஏறாமல் அப்படியே நின்றால் வால்வு. வால்வாக இருந்தால் ஹெட்டை மட்டும் கழற்றித் தேய்த்துவிடலாம், நான் வந்தே செய்துவிடுவேன்.

வால்வாக இருக்கட்டும் என்று கச்சால் தீவில் என் அம்மா கும்பிட்ட முனியாண்டியிடம் கேட்டிருக்கிறேன். அவருக்கு வால்வு என்றால் என்னவென்று தெரியுமோ என்னவோ.

சிவஞானம்

*

டெய்ரி ஃபார்ம்
22 ஆகஸ்ட் 2006

என்னங்க,

ஆயில் விட்டுப் பார்த்தாகிவிட்டது. எண்பத்துநாலு, எண்பது, எண்பத்திரண்டு, எண்பத்தைந்து. நாலும் ஏறிவிட்டன. அர்த்தம் என்னவென்று நீங்கள் சொல்லாமலே தெரிகிறது. உங்கள் முனியாண்டிக்கு வால்வு தெரியவில்லை.

இப்போது நான் கொஞ்சம் பேசுகிறேன்.

எனக்கு ஒரு சந்தேகம். எண்ணைப் பற்றி இல்லை, உங்களைப் பற்றி. "என் மனசு என்ன சொல்கிறது என்பதற்கு இடமே இல்லை" என்று எழுதினீர்களே, அதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. ஏன் இடமில்லை? அங்கே உங்களை எல்லோரும் உஸ்தாத் என்று கூப்பிடுகிறார்களாம். கப்பலில் வந்த தங்கம்மா மகன் சொன்னான், "மாமா இல்லேன்னா அங்க ஒரு மிஷினும் ஓடாது அத்தே" என்று. இங்கே வந்தால் நீங்கள் வெறும் ஒச்சம்மா புருஷன். அதனால்தான் அங்கேயே இருக்கப் பிடித்திருக்கிறதோ என்று தோன்றிவிட்டது. தோன்றியதை எழுதிவிட்டேன், அடித்துத் திருத்தப் போவதில்லை.

ஜூலையில் எனக்கு மலேரியா வந்தது. உங்களுக்கு எழுதவில்லை. எழுதினால் கடிதம் உங்களிடம் வருவதற்குள் காய்ச்சல் போய்விடும், நீங்கள் பதறி எழுதுகிற பதில் வருவதற்குள் நான் மாவு அரைக்கத் தொடங்கியிருப்பேன். அப்புறம் எதற்கு என்று விட்டுவிட்டேன். ருக்கு கஞ்சி வைத்துக் கொடுத்தாள். குளிரில் உதறும்போது உங்கள் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன், அதில் கிரீஸ் வாசம்கூட மிச்சமில்லை, சோப்பு வாசம்தான் அடித்தது.

ஒருத்திக்கு வடிக்கிற சோறு எப்போதும் அளவு தப்புகிறது. மிஞ்சினதை மறுநாள் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துவிட்டது.

கையெழுத்துப் போடாதீர்கள் என்று இனிமேல் கேட்க மாட்டேன். கேட்டால் மட்டும் ரிங் தேயாமல் போய்விடுமா.

ஒச்சம்மா

*

காம்பெல் பே
31 ஆகஸ்ட் 2006

அன்புள்ள ஒச்சம்மாவுக்கு,

உஸ்தாத் என்று கூப்பிடுவது உண்மைதான். டிப்பர் நின்றுபோனால் கூப்பிடுகிறார்கள். ஓடுகிற வரைக்கும் யாரும் கூப்பிடுவதில்லை.

எண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆயில் விட்டதும் நாலும் இருபது பவுண்டு ஏறியிருக்கின்றன. வேறு விதமாகப் படிக்க வழியில்லை. ரிங்தான். போர் அடித்தே ஆக வேண்டும். நந்தகுமார் சாரிடம் இந்த வருஷம் முடியாது என்று சொல்லிவிடு. பதினைந்தாம் தேதி கையெழுத்துப் போட வேண்டியதுதான் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று எழுதியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

காய்ச்சல் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டு முடித்தாயா? பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும்.

ஒன்று சொல்ல வேண்டும். சோதனையை நீ சரியாகச் செய்யவில்லையோ என்று உனக்கு மனசில் இருந்தால் அதை விட்டுவிடு. என் கூட வேலை பார்க்கிற பையன்கள்கூட இவ்வளவு ஒழுங்காக எண் எடுத்துத் தர மாட்டார்கள். ராத்திரி படுத்துக்கொண்டு நீ வேலை செய்ததை நினைத்துப் பார்ப்பேன். ருக்கு உள்ளே உட்கார்ந்து காலால் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டு கையால் ஸ்டார்ட்டர் குமிழை இழுக்கிறாள். எஞ்சின் கரகரவென்று வேகமாகச் சுற்றுகிறது. பெரியதம்பி பேனட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நீ நாக்கைக் கடித்துக்கொண்டு முள்ளைப் பார்க்கிறாய். எதையாவது கூர்ந்து பார்த்தால் நீ நாக்கைக் கடிப்பாய், அது உனக்கே தெரியாது. அதைப் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி இருக்கிறது.

சிவஞானம்

*

டெய்ரி ஃபார்ம்
9 செப்டம்பர் 2006

என்னங்க, என்னங்க,

கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். மீதியைப் பிறகு படியுங்கள், முதலில் பேனாவை மூடுங்கள்.

ருக்கு எந்தக் குமிழையும் இழுக்கவில்லை. உங்கள் கடிதத்தில் அந்த இடம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். ருக்கு ஸ்டியரிங்கைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். பெரியதம்பி அண்ணன் பேனட்டைப் பிடிக்கவில்லை, அதற்குத்தான் கம்பி இருக்கிறதே. அவர் முன்னால் குனிந்து ஹேண்டில் கம்பியைப் போட்டுக் கையாலேயே எஞ்சினைச் சுற்றினார். இரண்டு சோதனைக்கும் ஹேண்டில்தான்.

நீங்கள் தலையில் கை வைத்துக்கொள்வது இங்கே தெரிகிறது. வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தப்பு யாருடையது? கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அந்தக் குமிழை நீங்கள் இழுத்து நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. பேட்டரி பாழாகும், பேட்டரி பாழாகும் என்று காலையிலும் ஹேண்டில், மாலையிலும் ஹேண்டில். கோயிலுக்குக் கிளம்பும்போது பட்டுச் சேலையோடு நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன், நீங்கள் வெள்ளை வேட்டியோடு முன்னால் நின்று சுற்றுவீர்கள். "எஞ்சினைச் சுற்றவிடு" என்று எழுதினீர்கள். நம் வீட்டில் எஞ்சினைச் சுற்றுவது என்றால் அதுதான். அந்தக் குமிழ் கெட்டுப்போனது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அதுவும் தவிர, இழுத்தாலும் சுற்றியிருக்காது. வண்டியில் பேட்டரியே இல்லை. சுனாமி வந்த வாரம் ஊரே இருட்டாகிக் கிடந்தபோது, ஸ்கூலில் தங்கியிருந்த ஜனங்களுக்கு விளக்குப் போட நீங்களே கழற்றிக் கொடுத்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? அதற்கப்புறம் அது தெருவுக்குப் பொதுவாகிவிட்டது. யார் வீட்டில் விசேஷமோ அவர்கள் வீட்டுக்குப் போகும். நீங்கள் கிளம்பின பிறகு இத்தனை மாதமாக ஜங்லிகாட்டில் பெரியதம்பி அண்ணன் மீன் கடைக்கு அதுதான் வெளிச்சம்.

நேராகக் கடைக்குப் போனேன். "அண்ணே, பேட்டரி வேணும்" என்றேன். "அரே, சாயந்தர யாவாரம் இருக்கே தங்கச்சி" என்றார். "உங்க யாவாரத்துக்கு என் புருஷன் ரெண்டு வருஷம் காம்பெல் பேல கெடக்கணுமா?" என்றேன். கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, மீன் வாங்க நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மனுஷன் உடனே ஒயரைக் கழற்றினார். அன்றைக்கு மெழுகுவத்தி வைத்துத்தான் சூரை விற்றார், பாவம். பக்கத்திலேயே சார்ஜ் போடுகிற கடையில் கொடுத்து மறுநாள் வாங்கி வந்தோம்.

பிளக்கைத் துடைத்துப் போட்டு, புதுப் பெட்ரோல் ஊற்றி, முதன்முதலாக அந்தக் குமிழை நானே இழுத்தேன். எஞ்சின் சுற்றின வேகத்தைக் கேட்டதும் புரிந்துவிட்டது. பெரியதம்பி அண்ணன் சுற்றினது கிரைண்டர் கல் சுற்றுகிற வேகம், இது மிக்ஸி. அவ்வளவு மெதுவாகச் சுற்றினால் அமுக்குகிற காற்று நழுவிவிடாதா, முள் எப்படி ஏறும். கொஞ்ச நேரம் இருமிற்று. பிறகு பிடித்துக்கொண்டது. கொசு மருந்து அடிக்கிற வண்டி மாதிரி புகை வந்து கொட்டகை முழுக்க நிறைந்தது. ருக்கு பயந்து வெளியே ஓடிவிட்டாள். நாங்கள் ஊற்றின ஆயில் எல்லாம் எரிந்து தீரட்டும் என்று ஓடவிட்டேன். புகை குறைந்துகொண்டே வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர். புகையாலும்தான்.

நன்றாகச் சூடானதும் நிறுத்தி, நீங்கள் எழுதினபடியே மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை ருக்கு குமிழை இழுத்தாள். முதல் சிலிண்டர் நூற்றிருபத்திரண்டு. இரண்டாவது நூற்றிருபது. மூன்றாவது நூற்றுப்பதினாறு. நாலாவது நூற்றிருபத்தொன்று. ஆயில் ஒரு சொட்டுகூட விடவில்லை. இதற்கு அர்த்தம் சொல்ல உஸ்தாத் வேண்டாம், மாவுக்காரியே சொல்லிவிடுவாள். ரிங் நன்றாக இருக்கிறது, வால்வு நன்றாக இருக்கிறது, கேஸ்கெட் நன்றாக இருக்கிறது. மூன்றாவதுதான் கொஞ்சம் சுணக்கம். அன்றைக்குப் பிளக்கே வர மாட்டேன் என்றதே, அதன் குணம் அப்படி.

பெரியதம்பி அண்ணன் வண்டியை எடுத்து மரைன் ஹில் ஏற்றம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கும் நிற்கவில்லை. நந்தகுமார் சார் ஹோட்டல் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டார். டிரைவர் எங்கே என்று கேட்டார். வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன்.

நான் போன கடிதத்தில் எழுதினதில் சிலது அதிகம். எல்லாம் இல்லை. சிலது.

வந்துவிடுங்கள்.

ஒச்சம்மா

11 செப்டம்பர்: உறையை மறுபடி பிரித்து எழுதுகிறேன். கடல் சரியில்லை என்று கப்பலை நிறுத்திவிட்டார்கள். என்றைக்குக் கிளம்பும் என்று கப்பல் ஜெட்டியில் யாரும் சொல்லவில்லை. போன் பூத்தில் காலையிலிருந்து நின்றேன், லைன் இல்லை. பதினைந்துக்குள் இது உங்கள் கைக்கு வர வேண்டும். இப்போது நான்தான் உங்கள் முனியாண்டியைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

*

காம்பெல் பே
17 செப்டம்பர் 2006

அன்புள்ள ஒச்சம்மாவுக்கு,

பத்து நாளாகக் கப்பல் இல்லை. உன்னிடமிருந்து கடிதமும் இல்லை. கோபத்தில் எழுதாமல் இருக்கிறாயா, எழுதியது வராமல் இருக்கிறதா என்று தெரியவில்லை. கோபம் என்றால் நியாயம்தான்.

நேற்று முன்தினம் கையெழுத்து நாள். சைட் ஆபீசில் வரிசையாகக் கூப்பிட்டார்கள். எழுத்தர் திருநாவுக்கரசு என் பக்கம் பேனாவை நீட்டினார். நல்ல மனிதர், திருநெல்வேலிக்காரர். நான் வாங்கவில்லை.

"என்ன உஸ்தாத், பேனா பிடிக்கலியா?" என்றார்.

"வீட்டுக்குப் போறேன் சார்" என்றேன்.

"ஊர்ல ஏதும் வேலை கிடைச்சிருச்சாவே?"

"இல்ல சார். ஒன்னும் கிடைக்கல."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இன்னும் யோசித்துக்கொள்ளுங்கள், மாலை வரைக்கும் நேரம் இருக்கிறது என்றார். மாலை வரைக்கும் டிப்பருக்கு அடியில் படுத்திருந்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை.

உனக்குக் காய்ச்சல் வந்து போனது எனக்கு ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. இங்கே ஜெனரேட்டரில் ஆயில் கசிந்தால் அரை மணியில் எனக்குத் தெரிகிறது. உன் கடிதம் வந்ததிலிருந்து இது ஒன்றுதான் மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. பதிலில் மாத்திரை சாப்பிட்டாயா என்று எழுதினேனே, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. குளிரில் நீ உதறிக்கொண்டிருந்த அன்றைக்கு நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. ஏதோ ஒரு மிஷின் ஓடியிருக்கும்.

எஞ்சின் என்ன சொல்கிறதோ அதுதான் என்று எழுதினேன். எஞ்சின் முடியாது என்று சொல்லிவிட்டது. நாலு எண்ணையும் நானே படித்தேன், அதில் சந்தேகம் இல்லை. பரவாயில்லை ஒச்சம்மா. அது கொட்டகையில் நிற்கட்டும். எனக்கு உன்னிடம் வர வேண்டும். இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம், எனக்கு எழுத வரவில்லை.

ஜங்லிகாட்டில் ஏதாவது ஒரு ஷெட்டில் கூலிக்கு ஸ்பேனர் பிடிப்பேன். ஆட்டோ ரிப்பேர் பார்ப்பேன். ஒன்றுமே கிடைக்காவிட்டால் உனக்கு மாவு அரைத்துத் தருவேன். கிரைண்டர் கத்துகிறது என்று எழுதியிருந்தாய், முதல் வேலையாக அதைப் பார்க்கிறேன்.

நந்தகுமார் சாரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லு. வேறு நல்ல வண்டி அவருக்குக் கிடைக்கும்.

நாளை கப்பல் வரும் என்கிறார்கள். வந்தால் அதே கப்பலில் டிக்கெட், திருநாவுக்கரசு சார் சொல்லி வைத்திருக்கிறார். இந்தக் கடிதத்தை இன்று கிளம்புகிற ஹெலிகாப்டர்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன், எனக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும். நீ ஜெட்டிக்கு வராதே. மழையில் நின்று மறுபடி காய்ச்சலை இழுத்துக்கொள்ளாதே. ஹட்டோ ஜெட்டியிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானே நடந்து வந்துவிடுவேன். இரண்டு பேருக்குச் சோறு வை.

சிவஞானம்